முதல் கையெழுத்து

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே இருக்கும் திடலில் முப்பது மாடிக் கட்டடம் எழுப்ப மாநகர மன்றத்திடம் அனுமதி கேட்டிருந்தார்கள். குடியிருப்பவர்களின் ஆட்சேபத்தைக் கேட்க மன்றம் கூட்டம் வைத்த அன்றுதான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். கழுத்துவரை பொத்தான் போட்ட பாத்திக் சட்டை, சட்டைப்பையில் சீப்பு. ஒரு நாற்காலியில் உட்கார்வார், முகத்தை நிமிர்த்திப் பார்ப்பார், எழுந்து அடுத்ததற்குப் போவார். ஏழாவது நாற்காலியில்தான் அவருக்குக் காற்று சரியாக வந்தது.

ஆட்சேப மனுவை நீட்டினேன். முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நீங்க எந்த ப்ளாக் தம்பி?" என்றார்.

"சி ப்ளாக், அங்கிள்."

"அந்த சி ப்ளாக்க கட்டக்கூடாதுன்னும் அப்ப நான்தான் மொத கையெழுத்து போட்டேன் லா."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"அதே சி ப்ளாக்தான். பதினொன்னாவது மாடி. நல்ல காத்து."

சிரிப்பதா, மனுவைத் திரும்ப வாங்குவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கூட்டத்தில், திடல் போனால் பிள்ளைகள் எங்கே விளையாடும் என்று எங்கள் எல்லாரையும்விட நன்றாகப் பேசியவர் அவர்தான். கைதட்டினோம். முடிந்ததும் மேசைமேல் இருந்த கட்டட மாதிரியை ஒருமுறை சுற்றி வந்து, கட்டப்போகும் நிறுவனத்து ஆளிடம் கேட்டார்:

"பாஸ், இதுல காத்து எந்தப் பக்கம் வரும்?"

மனுவை விரித்து அவர் கையெழுத்தை மறுபடியும் பார்த்தேன். அழுத்தமாகத்தான் போட்டிருந்தார்.