சாம்பிராணி வாசம்

பிள்ளையள், கேளுங்கோ: சிட்னிக்கு வெளியே ஒரு பண்ணையில் விடிகிறது. கடும் நோயுள்ள வருத்தக்காரப் பிள்ளைகளை, அவர்கள் ஆசைப்பட்டபடி, வேட்டைக்குக் கூட்டிவரும் தொண்டர்களில் நானும் ஒருவன். பன்னிரண்டு வயது எமிலி சக்கரக் கதிரையில் துவக்கோடு மானுக்குக் காத்திருக்கிறாள். திங்கட்கிழமை திரும்பவும் ஆஸ்பத்திரி. வழிநெடுகக் கேட்டும் கேட்காத குரலில்தான் கதைத்தாள்.

பண்ணைக்காரர் மூக்கைச் சுளிக்கிறார். "மேட், என்ன பூசிக்கொண்டு வந்தனீ? மான் மோப்பம் பிடிச்சுப்போடும்."

எனக்கு வெட்கமாய்ப் போகிறது. "சாமிக்குச் சாம்பிராணி போட்டனான். காருக்குப் போறன்."

"வேண்டாம். காத்து வாற பக்கம், அந்தப் புதர்ப் பத்தைக்கு அங்கால போய் நில். உனக்குப் பயந்து இவளிட்டத்தான் வரும்."

போய் நிற்கிறேன். பனிமூட்டத்தில் மரங்கள் மிதக்கின்றன. பத்தைக்குள் நின்ற ஒரு மான் தலையைத் தூக்கி, என் வாசத்தை மோப்பம் பிடித்து, எமிலியின் பக்கம் நடந்து பனியில் கரைகிறது.

வெடிச்சத்தம். பிறகு எமிலி சந்தோசத்தில் கூவுகிறாள். அவ்வளவு பெரிய குரல் அவளுக்குள் இருந்திருக்கிறது.