பங்குனியில் கழுவிய கிட்டிகள்

என் வீட்டுக்காரர் எலி பிடிக்கிறவர். அம்பாசமுத்திரத்துக்குக் கீழே, ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் கிடக்கிற வயல்களில் நெல் பால் பிடிக்கிற சமயம் எலி புகுந்தால் தாளோடு அறுத்துச் சாய்த்துவிடும். அப்போது வயல்காரர்கள் இவரைத் தேடி வருவார்கள். இவர் பொழுது சாய்வதற்குள் வரப்போரம் கிட்டி வைத்துவிட்டு, விடிந்ததும் போய் எடுத்து வருவார். கிட்டி என்பது மூங்கிலை வளைத்துச் செய்த சின்ன வில். நடுவில் பொரியோ நண்டுத் துண்டோ இருக்கும். எலி வாய் வைத்ததும் நாண் தெறித்துக் கழுத்தை இறுக்கிவிடும். எங்கள் வீட்டில் அப்படி நூற்றிருபது கிட்டிகள் உண்டு.

மாசியில் பிசான நெல் அறுப்பு முடிந்துவிட்டால் அவற்றுக்கு வேலை இல்லை. அடுத்த கார்ப் பயிர் கதிர் வாங்கும்வரை சும்மா கிடக்க வேண்டியவைதான். ஆனால் அப்படியே போட்டுவைக்க முடியாது. இரத்தமும் எலி முடியும் காய்ந்து ஒட்டியிருந்தால் மூங்கிலைப் பூச்சி அரித்துவிடும். அதனால் பங்குனி பிறந்ததும் சாக்குகளில் அள்ளிக்கொண்டு வாய்க்காலுக்குப் போவார். தண்ணீரில் உட்கார்ந்து, தேங்காய் நாரும் சாம்பலும் வைத்து ஒவ்வொன்றாகத் தேய்ப்பார். சோப்பு ஆகாது. அந்த வாடை இருந்தால் எலி பக்கத்தில் வராது. வெயிலில் காய்ந்த பிறகு நாணைத் தளர்த்தி வில்லை நிமிர விட வேண்டும். வளைந்தபடியே மாதக்கணக்கில் கிடந்தால் மூங்கிலில் விசை போய்விடும். கடைசியில் வேப்பெண்ணெய் தடவி, பத்துப் பத்தாகக் கட்டித் தொழுவத்து விட்டத்தில் தொங்கவிடுவோம். கழுவுவது அவர் வேலை. நாண் தளர்த்துவதும் கட்டுவதும் என் வேலை.

எங்களுக்கு ஒரே மகள். அவள் ஆறாவது படிக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் அவளை ‘எலிக்காரன் மவ’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.  மறுநாளிலிருந்து அவர், தோளில் கோத்துத் தொங்கவிட்டுப் போகிற கிட்டிகளை உரச் சாக்குக்குள் போட்டுக் கட்டி எடுத்துப் போக ஆரம்பித்தார்.

அவள் படித்து முடித்த வருஷம் தை மாதத்தில் கல்லிடைக்குறிச்சிப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. கொண்டுவந்தவர் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். சொந்தக் கார் வைத்திருந்தார். எங்களோடு முன்பே லேசாகப் பழக்கம், தொழில் தெரிகிற அளவுக்கு இல்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளையின் அம்மா, “பொண்ணுக்கு அப்பா என்ன செய்யுதாக?” என்று கேட்டார்கள். இவர் யோசிக்கவே இல்லை. “நெல்லு வியாபாரம்” என்றார். நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டேன்.

அந்தப் பங்குனியில் வழக்கமான படித்துறைக்கு அவர் போகவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு திருப்பம் வாய்க்காலில் உண்டு. தண்ணீர் தேங்கி, புதர் மண்டிக் கிடக்கும். அங்கே போய் இரண்டு நாள் இடுப்பளவு நீரில் உட்கார்ந்து கழுவினார். குதிகாலில் வெடிப்பு விட்டு இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. எண்ணெய் தடவச் சொன்னேன். வேலை முடியட்டும் என்றார்.

பத்து நாள் கழித்துப் புறவாசலில் உட்கார்ந்து இரண்டு பேரும் நாண் தளர்த்திக்கொண்டிருந்தோம். பாதிக்கு மேல் முடிந்திருந்தது. அவர் கையிலிருந்த கிட்டியைக் கீழே வைத்தார்.

“ஏளா, கெண்டைக்கால் ரெண்டும் கடுக்கு. எந்திரிக்க முடியல.”

தொட்டுப் பார்த்தேன். உடம்பு கொதித்தது. வெயிலில் அலைந்த காய்ச்சல் என்று நினைத்துக் கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்தேன். பக்கத்திலேயே ஒரு டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கினோம். மூன்றாம் நாள் கண் இரண்டும் சிவந்திருந்தது. ஐந்தாம் நாள் அதுவே மஞ்சளானது. மஞ்சள்காமாலை என்று பக்கத்து வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது. அன்று காலையிலிருந்து மத்தியானம்வரை சிறுநீரே பிரியவில்லை என்று அவர் சொன்னபோதுதான் எனக்குப் பயம் வந்தது. பஸ்ஸில் உட்கார அவரால் முடியாது. எனக்குத் தெரிந்து கார் வைத்திருந்தவர் அந்தத் தாய்மாமன் ஒருவர்தான். மகள் போன் செய்தாள். அவர் அரைமணி நேரத்தில் வந்து நின்றார்.

மகளை வீட்டில் இருத்திவிட்டுத் திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். சேரன்மகாதேவி தாண்டும்போது இவர் தலை என் மடியில் இருந்தது. “வேலையப் பத்தி ஒண்ணும் சொல்லாத, புள்ள காரியம்” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி முனகினார்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தர் வந்து பார்த்தார்.

“என்ன வேலை பாக்குறீங்க?”

“நெல்லு வியாபாரம்.”

“தண்ணியில, சேத்துல இறங்குற வேலை உண்டா?”

“இல்லம்மா. கடையிலதான் இருப்பேன்.”

குடிப்பழக்கம் உண்டா, வெளியில் சாப்பிடுவாரா, எந்தத் தண்ணீர் குடிக்கிறார் என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு கெண்டைக்காலை அழுத்தினார். அவர் துடித்துப்போனார். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி மறுபடியும் கேட்டார்.

“ஆடு, மாடு, எலி, இந்த மாதிரி ஏதாவது தொடுற வேலை உண்டா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கட்டிலின் கால்மாட்டில் தாய்மாமன் என் பையைப் பிடித்தபடி நின்றிருந்தார். நான் மகளை நினைத்தேன். அவளுக்கு எடுத்து வைத்திருந்த பச்சைப் பட்டுச் சேலையை நினைத்தேன். அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவது வேகமாக இருந்தது.

“எலி பிடிக்கதுதாம்மா அவுக வேலை” என்றேன். “கிட்டி வச்சுப் பிடிப்பாக. அறுப்பு முடிஞ்சதும் எல்லாத்தையும் வாய்க்கால்ல உக்காந்து ரெண்டு நாள் கழுவுனாக. குதிகால்ல வெடிப்பு இருக்கு. இன்னா பாருங்க.”

போர்வையை விலக்கிக் காட்டினேன். தாய்மாமன் பையைத் தரையில் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனார்.

டாக்டரம்மா திட்டவில்லை. “எலிக்காய்ச்சல் மாதிரி தெரியுது. ரத்தம் எடுத்து அனுப்புறேன், ஆனா ரிசல்டுக்குக் காத்திருக்க வேண்டாம், மருந்தை இப்பவே ஆரம்பிச்சிடலாம்” என்றார். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து, வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும் என்று விளக்கினார். நீங்களும் அந்தக் கிட்டிகளைத் தொட்டீர்களா என்று என்னிடம் கேட்டு, எனக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. சிறுநீரை அளவு போட்ட பாட்டிலில் பிடித்து நர்ஸிடம் சொல்வதுதான் என் வேலை. முதல் நாள் பாட்டிலின் அடி நனைந்தது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலையில் பாதிக்கு மேல் வந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு வார்டு முழுக்க நடந்து நர்ஸைத் தேடினேன். அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொன்னால் புரியும் என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது அவர் விழித்திருந்தார்.

“அவரு முன்னால சொல்லிட்டியே.”

“ஆமா. சொல்லிட்டேன்.”

“புள்ள வாழ்க்க...”

“புள்ளைக்கு அப்பன் வேணும்லா.”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “தண்ணி குடு” என்றார்.

அன்று மத்தியானம் தாய்மாமன் பிளாஸ்கில் கஞ்சியோடு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏன் வே, நெல்லு வியாபாரம்னீரு?”

“புள்ளைக்காகத்தான் அண்ணாச்சி.”

“பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு உம்ம புறவாசல்ல கை கழுவப் போனேன். சாக்குல இருந்து கிட்டி நீட்டிக்கிட்டு கெடந்துச்சு. பாத்துட்டுத்தான் சும்மா இருந்தேன். என்னத்துக்கு இப்படி உயிரக் குடுக்கீரு? பைய எந்திரிச்சு உக்காந்து இதக் குடியும்.”

இவர் அழுதார். கல்யாணமான நாளிலிருந்து நான் அதைப் பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். நடுவில் ஒரு மழை பெய்திருந்தது. பாதி நாண் தளர்த்திய கிட்டிகள் போட்ட இடத்திலேயே கிடந்தன. உரக்கடையில் ரப்பர் கையுறை வாங்கி, நெல் அவிக்கிற அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, எல்லாவற்றையும் அதில் முக்கி எடுத்தேன். இரண்டு நாள் வெயிலில் காய வைத்தேன். பதினோரு வில்கள் வெடித்திருந்தன. அவற்றை அடுப்பில் வைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இந்த முடிச்சு சரியில்லை, அந்த வில்லுக்கு எண்ணெய் பத்தாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காய்ந்தவற்றை மட்டும் அவர் கையில் கொடுத்தேன்.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. நட்சத்திரம் சேரவில்லை என்றார்கள். சேதி சொல்ல வந்த தாய்மாமன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “எங்க அக்கா மனசு எனக்குத் தெரியும். நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன்” என்றார். காரணம் நட்சத்திரம்தானா என்று நான் கேட்கவில்லை. மகள் அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டத் தொழுவத்துக்குப் போய்விட்டாள். மாடு தண்ணீர் குடித்து முடித்த பிறகும் அவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அடுத்த வருஷம் முக்கூடல் பக்கமிருந்து வேறொரு இடம் வந்தது. வந்தவர்கள் உட்கார்ந்ததும், அவர்கள் கேட்பதற்கு முன்பே, “நான் கிட்டி வச்சு எலி பிடிக்கவன்” என்று இவர் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, தன் வயலில் வரப்பெல்லாம் வளையாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். இரண்டு பேரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆவணியில் கல்யாணம் முடிந்தது. பச்சைப் பட்டைத்தான் கட்டினாள்.

இப்போது கிட்டி கழுவுவதெல்லாம் எங்கள் வீட்டுப் புறவாசலில், இரும்பு டிரம்மில். தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள். இந்தப் பங்குனியில் ஒருநாள் அவர், கையுறையோடு முடிச்சு பிடிபடவில்லை என்று காலையிலிருந்து திட்டிக்கொண்டிருந்தார். நான் கழற்றவிடவில்லை.