மடக்குக்கத்தியும் அறுந்த பைப்பும்

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மற்றவர்கள் போனையும் பர்ஸையும் தேடுவார்கள். நான் அலுமாரியின் மேல் தட்டில் இருக்கும் டின்னைத் திறந்து, இன்றைக்கு எந்தக் கத்தி என்று பார்ப்பேன். எல்லாம் மடக்குக்கத்திகள். எருமைக்கொம்புப் பிடி போட்டது, பித்தளைப் பூண் வைத்தது, மொனராகலைப் பக்கம் ரப்பர் கன்று ஒட்டுவதற்கு வைத்திருந்த குட்டைக் கத்தி என்று பலவகை. ஒன்றைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவேன்.

நான் வேலை செய்வது பதுளை பஜாரில் ஓர் இரும்புச் சாமான் கடையில். குடியிருப்பது பசறை வீதியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். கடைக்கு வந்த பழைய இரும்பு மூட்டையில் ஒருநாள் துருப்பிடித்த கத்தி ஒன்று கிடந்தது. முதலாளி, “எடுத்துக்கங்க தம்பி, அது தெறக்காது” என்றார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பார்த்தேன். இரண்டாம் நாள் ‘டக்’கென்று திறந்துகொண்டது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு பண்டாரவளைச் சந்தையிலும் பசறைப் பழைய இரும்புக் கடையிலும் கத்தி தேடுவது பழக்கமாயிற்று.

கத்தி வைத்திருப்பவனை ஊர் நம்பாது என்பது எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. பஸ்ஸில் தோடம்பழம் உரிக்கக் கத்தியை விரித்தால் பக்கத்தில் இருப்பவர் சற்றுத் தள்ளி உட்காருவார். கச்சேரி அலுவலக வாசலில் பையைச் சோதித்த காவலாளி, கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன தொழில் என்று இருமுறை கேட்டார். கயிறு அறுக்க, பைப்பு சீவ, மாங்காய் வெட்ட என்று நான் சொன்னது அவருக்கு ஏறவில்லை. உள்ளே போய் வரும்வரை கத்தி அவருடைய மேசையில் கிடந்தது. லயத்திலும் முதுகுக்குப் பின்னால் எனக்குக் கத்திக்காரன் என்றுதான் பெயர். அதை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டிருந்தேன், போன வருஷம் கச்சான் காற்று வீசும்வரை.

மழையில்லாத கச்சான் மாதங்களில் எங்கள் பக்கம் தண்ணீர் நூலாய்த்தான் வரும். மேலே காட்டோரத்தில் இருக்கும் ஊற்றிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்காரரும் கறுப்புப் பைப்பு இழுத்திருக்கிறோம். எங்கள் பைப்பும் அடுத்த காம்பிரா வீட்டில் குடியிருக்கும் அண்ணனின் பைப்பும் ஒரே குழியிலிருந்து வருகின்றன. ஒன்று நின்றால் மற்றதில் தண்ணீர் கூடும். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது லயத்தில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் மனைவிதான் சொன்னாள். அண்ணனின் பைப்பை யாரோ அறுத்துவிட்டார்களாம். அவர் வாசலில் நின்று, கத்தியோடு திரிகிறவன் ஒருவன்தானே இந்த லயத்தில் இருக்கிறான் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாராம்.

வெளிச்சம் இருக்கும்போதே ஏறிப் போய்ப் பார்த்தேன். பைப்பை ஏற்கெனவே பொருத்தியிருந்தார்கள். ஜாயிண்டின் இரண்டு பக்கமும் பைப்பின் முனை சாய்வாக, சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது. நல்ல கத்தியின் வேலை. அங்கேயே நின்று யோசித்தேன். அண்ணனுக்கு எங்கள் காம்பிராவுக்குப் பின்னால் இருக்கும் மரக்கறித் தோட்டத் துண்டின் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். என்னைக் கெட்டவனாக்கினால் அது அவர் கைக்குப் போகலாம். தன் பைப்பைத் தானே வெட்டியிருப்பாரோ? இறங்கி வரும்போது அந்த எண்ணம் எனக்குள் உறுதியாகிவிட்டது. அவர் வாசலைக் கடக்கும்போது அவர் இருமினார். அந்த இருமலிலும் எனக்கு ஏதோ கேட்டது.

விஷயம் தலைவரிடம் போயிற்று. அவர் தொழிற்சங்கத் தலைவர். எங்கள் தோட்டத்தில் எந்தத் தகராறும் அவரிடம் போய்த்தான் முடியும். ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் கூடினோம். என்னிடம் இருக்கும் கத்தி எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். சாக்கு ஒன்றை விரித்து வரிசையாக வைத்தேன். நான் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தவற்றை ஆளாளுக்கு எடுத்து, விரித்து, மடக்கி, விரலால் கூர் பார்த்தார்கள். இத்தனை கத்தி ஒரு மனுஷனுக்கு எதற்கு என்று ஒரு பெண் கேட்டது காதில் விழுந்தது.

தலைவர் எருமைக்கொம்புக் கத்தியை எடுத்து விரித்தார். கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். கத்தி மடங்கும் மூட்டில் நகத்தை விட்டுச் சுரண்டினார். சின்னச் சுருளாகக் கறுப்பாக ஏதோ விழுந்தது. உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார்.

“இது என்னா தம்பி?”

பைப்புச் சீவல். கடையில் தினமும் பைப்பு வெட்டுகிறவனுக்கு அது தெரியாமல் போகுமா? ஆனால் கொம்புக் கத்தியை நான் கடைக்குக் கொண்டுபோவதே இல்லை. அது அலுமாரியை விட்டு இறங்கி மாதக்கணக்காகிறது. என் மனைவியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். நீங்களா என்று அவள் கண் கேட்டது. நீயா என்று என் கண்ணும் கேட்டிருக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் நடுவில் அப்படி ஒரு பார்வை அதற்கு முன் வந்ததில்லை.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி எழுந்தார்.

“தலைவரே, அந்தக் கத்திய எடுத்தது நான்தான்.”

கூட்டம் திரும்பியது. அவர் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் சொன்னார். “பைப்ப அறுக்க எடுக்கல. அறுந்த மொனைய சீவ எடுத்தேன். எங்க வீட்டுக் கத்தியில சீவுனா ஜாயிண்டு ஏற மாட்டேங்குது. அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தாங்க. சாவி என்கிட்டதான் இருந்திச்சி.”

அது உண்மை. நாங்கள் வேலைக்குப் போகும்போது சாவியை இந்த அக்காவிடம்தான் கொடுத்துவிட்டுப் போவோம். அண்ணனின் முகம் கறுத்தது. அந்த வீட்டுக்குள் உனக்கு என்ன வேலை என்று கேட்டார். “தண்ணி ஒடனே வரணும்னு சத்தம் போட்டது நீங்கதானே” என்றார் அக்கா. அவ்வளவு பேர் முன்னால் அவர் கணவரை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

சீவுவதற்கு முன்னால் முனை எப்படி இருந்தது என்று தலைவர் கேட்டார். பிய்ந்து நார்நாராகத் தொங்கியது, சீவின துண்டைச் சாக்கடைக் கானில் எறிந்துவிட்டேன் என்றார் அக்கா. அந்தத் துண்டு இல்லாமல் யார் நம்புவது? எங்களைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று அண்ணன் சொன்னார். கடைசியில் தலைவர் கத்திகளையெல்லாம் சாக்கோடு சுருட்டி, முடிவு தெரியும்வரை தன் வீட்டில் இருக்கட்டும் என்றார். நான் வெறும் கையோடு வீட்டுக்கு வந்தேன்.

அதன் பிறகு என் மனைவி சாவியைக் கூடவே கொழுந்து பறிக்கும் மலைக்குக் கொண்டுபோனாள். அக்கா நல்லதுதானே செய்தார் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்காமல் அலுமாரியைத் திறந்தவர் அடுத்து எதைத் திறப்பாரோ என்றாள். அக்கா அதைக் கவனித்தார். கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. முடிச்சு அவிழ்க்கப் பைக்குள் கையை விட்டால் வெறும் பைதான். முதலாளி தன் மேசைக் கத்தியைத் தந்து, இதையும் யாராவது பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரமே தண்ணீர் மறுபடி நின்றது. இந்தத் தடவை அண்ணனின் பைப்போடு எங்களுடையதும் சேர்ந்து. யாரும் எதையும் தொடக்கூடாது என்று சொல்லி, தலைவரைக் கூட்டிக்கொண்டு எல்லாருமாக மேலே போனோம். அறுந்த முனைகள் அப்படியே கிடந்தன. அக்கா சொன்னதுபோலவே பிய்ந்து தொங்கின. ஓரமெல்லாம் இரட்டைப் பல்லின் தடம், உளி வைத்துக் கொத்தியதுபோல. குழிக்கு மேலே புல் மிதிபட்ட இடத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள் கிடந்தது. தலைவர் அதை எடுத்து அண்ணனிடம் கொடுத்தார்.

“முள்ளம்பன்றி” என்றார். “தண்ணி வாசத்துக்குக் கடிச்சிருக்கு. கத்தியெல்லாம் என் வீட்டுல பூட்டிக் கெடக்கு.”

அண்ணன் முள்ளை வாங்கிப் பார்த்தார். “இப்ப கடிச்சது பன்றிதான், சரிங்க. மொதல்ல நடந்ததுக்கு அது சாட்சியா?” என்றார். முள்ளைக் கீழே போட்டுவிட்டு இறங்கிவிட்டார். மற்றவர்கள் நம்பினார்கள். இரண்டு பைப்பையும் மண்ணுக்குள் புதைத்தோம். அக்காவும் வந்து ஒரு முனையைப் பிடித்தார். என் மனைவி மறு முனையைப் பிடித்தாள். கொஞ்ச நாளில் சாவி மறுபடி அக்காவிடம் போயிற்று. அண்ணன் மட்டும் இன்றுவரை என்னிடம் நேராகப் பேசுவதில்லை.

கத்திகள் திரும்பி வந்தன. தலைவரே சாக்கைக் கொண்டுவந்து கொடுத்து, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். தேநீர் குடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் டின்னில் அடுக்கினேன். சிப்பிப் பிடி போட்ட சின்னப் பேனாக்கத்தி ஒன்று இல்லை. சாக்கை உதறினேன், மடிப்பெல்லாம் தடவினேன். கோயிலடியில் யாராவது கையோடு எடுத்துப் போயிருக்கலாம். தலைவர் வீட்டில் விழுந்திருக்கலாம். விழாமலும் இருக்கலாம். போய்க் கேட்கலாமே என்றாள் மனைவி. கேட்டால் நானும் அண்ணனைப் போல ஆகிவிடுவேன் என்றேன்.

சில வாரம் கழித்து பஸ் தரிப்பில் தலைவர் உட்கார்ந்து கொய்யாப்பழம் வெட்டிக்கொண்டிருந்தார். என்னை அறியாமல் குனிந்து அவர் கையைப் பார்த்துவிட்டேன். கடையில் விற்கும் புதுக் கத்தி, சிவப்புப் பிளாஸ்டிக் பிடி.

“என்னா தம்பி பாக்குறீங்க?”

“ஒண்ணுமில்லீங்க” என்றேன்.

அவர் ஒரு துண்டை நீட்டினார். வாங்கித் தின்றேன். பஸ் வந்தது.