மடியில் இருந்த குத்துவிளக்கு

மூன்று கோடைகளுக்கு முன்னர், யூலண்டில் நாங்கள் வாழும் ஹேர்னிங்கிலிருந்து, கடல் தாண்டித் தலைநகர்ப் பக்கமுள்ள ஹ்விடோவ்ரேக்கு ஒரு கலியாணத்துக்குப் போகும் வழியில் இது நடந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இதை ஒரு சிரிப்புக் கதையாகத்தான் சொல்லியிருக்கிறேன். சிரிப்புக்குள் வராத பகுதிகளை விட்டுவிட்டேன். இங்கே முழுவதையும் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு நான் ஒரு பழைய அமெரிக்கக் கார் வாங்கினேன். மசில் கார் என்பார்களே, அந்த வகை. எட்டுச் சிலிண்டர் எஞ்சின், நீண்ட மூக்கு, இரண்டே கதவுகள், கடும் நீலம். யூலண்டில் டேனிஷ்காரர் பலருக்கு இந்தப் பைத்தியம் உண்டு. எங்கள் ஊர்த் தமிழரில் எனக்கு மட்டும்தான். கோயிலடியில் என்னைக் கண்டால், "என்ன அண்ணை, சின்ன வீடு சுகமோ?" என்று கேட்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

வாங்கிய கையோடு சஸ்பென்ஷனை மாற்றினேன். கட்டையான, விறைப்பான ஸ்பிரிங்குகள், கல்லுப் போன்ற ஷொக் அப்சோர்பர்கள், பக்கம் மெலிந்த டயர்கள். கார் நிலத்தோடு ஒட்டி நின்றது. வளைவுகளில் துளியும் சாயவில்லை. பார்க்க அழகு, உள்ளே இருந்து போவதுதான் தண்டனை.

என் மனைவி நெடுங்காலம் முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள். படுக்கையில் கிடந்தவர்களைப் புரட்டியும் தூக்கியும் அவளுடைய இடுப்பு, எங்கள் பேச்சில் நாரி, பழுதாகிவிட்டது. முள்ளந்தண்டில் ஒரு தட்டு விலகி நரம்பை அழுத்துகிறது என்றார் மருத்துவர். முதல் தடவை காரில் ஏறியபோது, எங்கள் தெருவிலுள்ள வேகத்தடையில் ஏறி இறங்கியதும் அவள் கதவுப் பிடியை எட்டிப் பிடித்த விதத்தை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "பழகீடும்" என்றேன். இன்னும் இரண்டு மூன்று தடவை வந்தாள். பிறகு, "நீங்கள் போயிட்டு வாங்கோ. எனக்கு நாரி ஏலாது" என்று நின்றுவிட்டாள். கேட்டவர்களிடம், அவளுக்குக் கார் பிடிக்காது என்று சொல்லிவைத்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

கோடை மாலைகளில் பழைய கார்க்காரர்கள் ஒரு வெளியில் கூடுவார்கள். காருக்குப் பக்கத்தில் மடக்குக் கதிரை போட்டு, புருசனும் பெண்சாதியுமாக பிளாஸ்க் கோப்பி குடித்துக்கொண்டு இருப்பார்கள். நான் ஒற்றைக் கதிரையோடு போவேன். ஒருநாள், என் வயதுள்ள ஒரு டேனிஷ்காரர் பக்கத்தில் வந்து, மிகவும் மரியாதையாக, "உங்கள் மனைவி எப்போது காலமானார்?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லை, வீட்டில் இருக்கிறாள், நாரி வருத்தம், இந்தக் கார் அவளுக்குச் சரிவராது என்று சொன்னேன். அவர் குனிந்து சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியைப் பார்த்தார். அதில் ஒரு விரல்கூட நுழையாது. "எனக்கு நாரி நன்றாகத்தான் இருக்கிறது. நானும் இதில் ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தன் மனைவியிடம் போய்விட்டார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் கராஜில் வேலை செய்தேன். நீளமான, மெத்தென்ற ஸ்பிரிங்குகள் வரவழைத்தேன். எண்ணெய் நிரப்பிய மென்மையான ஷொக் அப்சோர்பர்கள், இணைப்புகளில் அதிர்வு தாங்கும் கடினமான பிளாஸ்டிக் புஷ்களுக்குப் பதிலாக ரப்பர் புஷ்கள், பக்கம் உயர்ந்த டயர்கள். கையோடு கையாக முன்சக்கரங்களைத் தாங்கும் மூட்டுகளையும் புதிதாகப் போட்டேன். மேல் மூட்டில் ஒரு நட் இருக்கும். அதை ஸ்பானர்ச் சாவியால் இறுக்கி, குறுக்கே ஒரு சிறிய பின்னைச் செருகி இரண்டு கால்களையும் மடித்துவிட வேண்டும். பின் இல்லாவிட்டால் அதிர்வில் நட் மெல்ல மெல்லக் கழன்றுவிடும். நட் கழன்றால் சக்கரம் மடிந்து விழும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஊரில் பௌதிகம் படித்தவன் நான். பிராண்டேயில் காற்றாலைத் தொழிற்சாலையில் என் வேலையே இறுக்கிய போல்ட்டுகளைச் சரிபார்ப்பதுதான். இறுக்கியதும் போல்ட்டின் மேல் பெயின்ற் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும். கோடு இல்லாத போல்ட் இறுக்காத போல்ட். கோடு போட மறந்த இளைஞர்களை நான் ஏசாத ஏச்சில்லை. என் சொந்தக் கராஜில் எனக்கு எதற்குக் கோடு என்று இருந்துவிட்டேன்.

இளவேனில் வந்த ஒரு சனிக்கிழமை. இடது மேல் மூட்டின் நட்டை விரலால் சுழற்றி ஏற்றிவிட்டு, சாவியை எடுக்கத் திரும்பினேன். வாசலில் கார் வந்து நின்றது. மனைவியின் சித்தப்பா மகளும் அவள் கணவரும் ஹ்விடோவ்ரேயிலிருந்து தங்கள் மகளின் கலியாணக் கார்ட் கொடுக்க வந்திருந்தார்கள். கலியாணக் கார்ட்டை எங்கள் ஆட்கள் தபாலில் போடுவதில்லை. கடலைத் தாண்டி நாட்டின் மறுகரையிலிருந்து வந்தாவது கையில் தர வேண்டும். வாங்குகிறவரும் கிறீஸ் கையோடு வாங்க முடியாது. மனைவி என்னைக் குளியலறைக்குள் தள்ளி, ஒரு வெள்ளை ஷேர்ட்டையும் தந்தாள். கை கழுவி, ஷேர்ட் மாற்றி, தட்டில் குங்குமம் வைத்து அவர்கள் நீட்டிய கார்ட்டை இருவருமாக வாங்கிக்கொண்டோம். தேத்தண்ணி, பலகாரம், பிறகு மத்தியானச் சாப்பாடு.

புறப்படும்போது அந்தச் சித்தப்பா மகள், "அத்தான், கட்டாயம் அந்த நீலக் காரிலைதான் வரோணும். பொம்பிளை மாப்பிள்ளையை அதிலை வைச்சுப் படம் எடுக்கோணும்" என்றாள்.

"உங்கடை அத்தானின்ரை கார் வரும். நான் ரெயினிலை வாறன்" என்றாள் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்களை அனுப்பிவிட்டு உற்சாகத்தோடு கராஜுக்குப் போய் வலது பக்கத்தில் வேலையைத் தொடங்கினேன். எல்லாம் முடிந்தபோது மேசையில் ஒரு பின் மிச்சமாகக் கிடந்தது. கடைக்காரர் ஒன்று கூடுதலாகப் போட்டிருக்கிறார் என்று நினைத்து, அதை எடுத்து டப்பாவுக்குள் போட்டேன். எத்தனையோ ஆண்டுகள் அடுத்தவர் போல்ட்டைச் சந்தேகித்தே சம்பளம் வாங்கியவன், அந்தப் பின்னைச் சந்தேகிக்கவில்லை.

காரை ஓட்டிப் பார்த்தேன். வேகத்தடை இருப்பதே தெரியவில்லை. மனைவியைக் கெஞ்சி ஏற்றி ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். "தொட்டில் மாதிரி இருக்கு" என்றாள். கலியாணத்துக்கும் இதிலேயே வருவதாகச் சொன்னாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

கலியாண நாள் காலை, நான் பட்டுவேட்டியும் அவள் காஞ்சிபுரமுமாகப் புறப்பட்டோம். பரிசாக வாங்கிய பித்தளைக் குத்துவிளக்கைப் பின்பெட்டியில் வைத்திருந்தோம். வைலே நகரம் தாண்டியதும் அவள் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, என்னவோ தட்டுது."

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

"எனக்கும் கேக்கேல்லை. நாரியிலை தெரியுது. இடப்பக்கமா, ஒரு மெல்லிய தட்டு."

"அது பின்னுக்குக் குத்துவிளக்கு உருளுது. நீர் சும்மா இரும்."

சிறிது தூரம் போனதும் திரும்பவும் சொன்னாள். அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி, விளக்கை எடுத்து, கிட்டத்தட்ட எரிச்சலோடுதான் அவள் மடியில் வைத்தேன். "இப்ப சரிதானே?" என்று கேட்டுவிட்டுக் காரை எடுத்தேன். சக்கரப் பக்கம் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

ஃபூன் தீவைக் கடந்துகொண்டிருந்தோம். அவள் விளக்கை இரு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். ஓடென்ஸ் நகரம் பின்னால் போனதும், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"குத்துவிளக்கு என்ரை மடியிலை இருக்கு. இப்ப என்ன தட்டுது?"

எனக்குக் கோபம் வந்தது. குளிர்காலம் முழுக்க அவளுக்காக வேலை செய்திருக்கிறேன், இன்னும் குறை சொல்கிறாளே என்ற கோபம். தாலி கட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் வேறு. "உமக்கு எதிலையும் ஒரு குறை இருக்கோணும்" என்றேன். சிறிது தூரத்தில் ஒரு ஓய்விடம் வந்தது. நிறுத்தாமல் கடந்தேன். தெரிந்துதான் கடந்தேன். பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்ட பகுதிகளில் இது ஒன்று.

"பாலம் வரப்போகுது. அதுக்கு முதல் ஒருக்கா நிப்பாட்டுங்கோ. நான் வாழ்க்கையிலை உங்களை எத்தினை தரம் நிப்பாட்டச் சொல்லியிருக்கிறன்?" என்று கேட்டாள். குரலில் கோபமில்லை. பயம் இருந்தது.

ஃபூனிலிருந்து தலைநகர்த் தீவுக்குப் போகும் ஸ்டோரபெல்ட் பாலம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இரு பக்கமும் கடல், எந்நேரமும் காற்று. நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. அந்தப் பாலத்துக்கு முந்திய கடைசி ஓய்விடத்தில், அவள் வாயை அடைப்பதற்காக மட்டும் காரைத் திருப்பினேன்.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் வளைத்துவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டி, தாரில் முழந்தாளிட்டு, இடது சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டேன். மேல் மூட்டைத் தொட்டேன். நட் என் விரலோடு சுழன்றது. சாவி இல்லாமல், பலம் இல்லாமல், போத்தல் மூடி மாதிரிச் சுழன்றது. அது வெளியே வர இரண்டு மூன்று புரிகள்தான் மிச்சம் இருந்தன. அந்தப் பின் இருக்க வேண்டிய துளைக்குள் என் நகம் போனது.

அப்படியே நெற்றியைச் சக்கரத்தில் சாய்த்துக்கொண்டேன். பக்கத்தில் கரவன் வண்டியோடு நின்ற ஒரு டேனிஷ்காரி, எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்து ஓடி வந்தார். மனைவி விளக்கை மார்போடு அணைத்தபடியே இறங்கி வந்து, "என்னப்பா?" என்றாள். காட்டினேன். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அப்போது நான் சொன்ன முதல் வார்த்தை மன்னிப்பு அல்ல. "அண்டைக்கு அவையள் கார்ட் கொண்டுவந்து குழப்பினபடியாலைதான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "கார்ட் கொண்டு வந்தவை நட்டையும் கழட்டிக்கொண்டு போனவையோ?"

கரவன்காரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நான் தலை குனிந்ததைப் பார்த்து அவரும் ஏதோ விளங்கியது போலத் தலையாட்டினார்.

வீதி உதவிக்காரர் வந்து காரை ஏற்றினார். எங்களை நியூபோர்க் ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். பட்டுச் சேலையும், முழங்காலில் தார் பிடித்த பட்டுவேட்டியும், குத்துவிளக்குமாக நாங்கள் ரயிலில் ஏறினோம். ரயிலும் முதல் பாதி அந்தப் பாலத்தில்தான் கடல் மேல் போகிறது. பக்கத்திலேயே கார்கள் ஓடுகின்றன. ஒரு நீலக் கார் சிறிது தூரம் எங்கள் யன்னலோடு ஓடி வந்தது. அந்த வேகத்தைப் பார்த்ததும் முகத்தை மறுபக்கம் திருப்பினேன். அடுத்த நிமிடம், பக்கத்தில் அவள் இருக்கிறாள் என்ற நினைப்பில் ஒரு பெரிய மூச்சு வந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்த மாதிரி. அப்படி ஒரு மூச்சை அதற்கு முன் நான் விட்டதில்லை.

"மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன்.

"நட்டுக்கோ, நாரிக்கோ?"

"ரெண்டுக்கும்."

"நட்டை விடுங்கோ, அது அண்டைக்கு ஒருநாள் பிழை" என்றாள். பிறகு விளக்கை என் மடிக்கு மாற்றிவிட்டு, என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

நாரிக்குக் கேட்ட மன்னிப்பைப் பற்றி அவள் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. "கார் எங்கை அத்தான்?" என்று பொம்பிளையின் தாய் கேட்டாள். முன்பு போல ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். மனைவி பக்கத்தில் நின்றாள். "நட் இறுக்க மறந்துபோனன். உங்கடை அக்காதான் கண்டுபிடிச்சவ" என்றேன்.

இப்போது அந்தக் காரின் ஒவ்வொரு நட்டிலும் வெள்ளைப் பெயின்ற் கோடு இருக்கிறது. கார்க்காரர் கூடும் வெளிக்கு இரண்டு மடக்குக் கதிரைகள் கொண்டுபோகிறோம். அந்த டேனிஷ்காரரைக் கண்டதும், "இவதான் என்ரை மனுசி" என்று டேனிஷில் அறிமுகப்படுத்தினேன். அவர் எழுந்து நின்று கைகொடுத்தார். ஸ்பிரிங்கை மென்மையாக்க எனக்கு ஒரு குளிர்காலம் போதுமாக இருந்தது. அவள் "தட்டுது" என்றால் எனக்குக் கேட்காவிட்டாலும் ஓரங்கட்டி நிறுத்தக் கற்றுக்கொள்வதற்குத்தான் இவ்வளவு வயது தேவைப்பட்டது. அவளை இழக்காமலே அதைக் கற்றுக்கொண்டேன் என்ற நிம்மதியோடுதான் இன்றும் காரை எடுக்கிறேன்.