மூன்றாவது வரியில் ஒரு பிழை

பூட்டு அக்கா என்று அவருக்குப் பெயர் வைத்தது அலுவலகத்துக்குத் தேநீர் கொண்டுவருகிறவர். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வயதில் ரகசியப் பிரிவில் தட்டச்சராகச் சேர்ந்தவர் முப்பத்தொரு வருடம் அங்கேயே அடித்தார். அடித்ததில் ஒரு சொல்லைக்கூட வெளியே விட்டதில்லை. விட்டால் சிறை என்று முதல் நாளே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

கட்டிய கணவரிடமே மூச்சு விடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் அதில் உள்ள பிழையைச் சொல்லிவிடுவார். அதனாலேயே அவரைப் பார்த்தால் பாதித் தெரு நழுவிவிடும். வீட்டில் கடைச் சீட்டைக்கூட வேறு யாரையும் எழுதவிட மாட்டார். பாவம், மனைவி கையால் எழுதிய நாலு வரியை அவர் பார்த்ததே கிடையாது.

கீழ்வீட்டில் தையல்கடை. தையல்காரரின் அப்பா ஏரிக்கரையில் நிலம் வைத்திருந்தவர். நாற்பது வருடத்துக்கு முன் பட்டாளத்தின் பயிற்சிக்கு இடம் வேண்டும் என்று அங்கிருந்த இருநூறு குடும்பங்களையும் கிளப்பிவிட்டார்கள்.

"இருபது வருஷத்துல திருப்பித் தர்றோம்னு ஒரு அதிகாரி அப்பா கையப் புடிச்சுச் சொன்னாராம்க்கா. என்ன பண்றது, எழுத்துல ஒண்ணும் இல்லையே" என்று அளவெடுக்கும்போதெல்லாம் தையல்காரர் சொல்வார்.

எழுத்தில் இருந்தது. அதை அடித்ததே அக்காதான். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல், "கை கொஞ்சம் லூசா இருக்கட்டும்" என்று பேச்சை மாற்றிவிட்டு மாடியேறி வந்து அழுத நாட்கள் உண்டு. அவருடைய ரவிக்கைகள் எல்லாமே கை தொளதொளவென்றுதான் இருக்கும்.

நாற்பது வருடம் முடிந்தால் ரகசியக் கோப்புகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று புதிதாக ஒரு சட்டம் வந்தது. அந்த வருடம் ஏரிக்கரைக் கட்டைத்தான் முதலில் திறந்தார்கள். மறுநாள் காலையில் செய்தித்தாளில் அக்கா அடித்த அந்தப் பக்கத்தின் படமே வந்துவிட்டது. அக்கா செருப்பைக்கூடப் போடாமல் கீழே ஓடினார்.

"தம்பி! நான்தான் அடிச்சேன் தம்பி! உங்க அப்பாவுக்கு வாக்குக் குடுத்தது நெசம்!"

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். அக்காவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது.

அந்தச் சந்தோஷம் மூன்று நாள்தான் நீடித்தது. நாலாம் நாள் அரசுத் தரப்பு அறிக்கை விட்டது. அந்தப் பக்கம் போலி, யாரோ கோப்புக்குள் சொருகிவிட்டார்கள், அதில் இருக்கும் எழுத்துப்பிழையே அதற்குச் சாட்சி, எங்கள் அலுவலகத்தில் யாரும் அப்படி எழுத மாட்டார்கள் என்றது. பதினோரு நாளில் விசாரணை. போலி என்று முடிவானால் ஏரிக்கரையைத் தையல்காரர் கனவில்தான் பார்க்க வேண்டும்.

அக்கா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு படத்தை ஐந்து தடவை படித்தார்.

"ஏங்க, இதுல எங்க தப்பு இருக்கு? நான் அடிச்சதுல தப்பே வராதே!"

வாத்தியார் வாங்கிப் பார்த்தார். மூன்றாவது வரி. 'இருபது ஆண்டுகளில் உரியவர்களிடம் மீழ ஒப்படைக்கப்படும்.' அவருடைய வாய் தானாகத் திறந்தது. சட்டென்று மூடிக்கொண்டார்.

"தப்பு இருக்கு. நீ பண்ணினதுதான். எதுன்னு மட்டும் கேக்காதே."

"ஏன்?"

"தெரிஞ்சுக்கிட்டுப் போனா, வேணும்னே அதே தப்பைப் பண்றேன்னு சொல்லிடுவாங்க. தெரியாமலே வா."

பதினோரு நாளும் அந்த மனிதர் பட்ட பாடு இருக்கிறதே! பிழையைக் கண்டு வாயை மூடிக்கொண்டு இருந்து அவருக்குப் பழக்கமே இல்லை. செய்தித்தாளை அக்கா கண்ணில் படாமல் பீரோவில் பூட்டினார், தொலைக்காட்சியின் வயரைப் பிடுங்கினார். சாப்பிடும்போது அவராகவே "மூணாவது..." என்று ஆரம்பித்துவிட்டு ஒரு மடக்குத் தண்ணீரைக் குடித்து மீதியை விழுங்குவார். அக்காவுக்கோ கோபமான கோபம். முப்பத்தொரு வருடம் தான் செய்ததை இவர் பதினோரு நாள் செய்வதைப் பார்க்க ஒரு பக்கம் சிரிப்பும் வந்தது.

விசாரணை அறையில் நிற்கக்கூட இடமில்லை. ஏரிக்கரைக் குடும்பங்கள் சன்னல் வரைக்கும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அக்கா அந்தப் பிரிவில் வேலை பார்த்ததற்கு அத்தாட்சியைக் கொடுத்தார். அதனால் என்ன, இவர் அடித்த மற்ற கட்டுகள் இன்னும் பூட்டில்தான் இருக்கின்றன, எதோடு ஒப்பிடுவது என்றார் அரசு வக்கீல்.

"அது போகட்டும். இந்தப் பக்கத்துல தப்பு எங்க இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

"தப்பே இல்லையே சார்."

தையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். வக்கீல் சிரித்தார். விசாரணை அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. கிடங்கிலிருந்து ஒரு பழைய டைப்ரைட்டரைத் தூக்கிவரச் சொன்னார். தன் குறிப்பேட்டைப் பிரித்து, சம்பந்தமே இல்லாத ஒன்றை வாசித்தார்.

"வெள்ளத்தில் சிக்கியவர்கள் மீள ஆறு நாட்கள் ஆயின. மீளாத துயரத்தில் ஊர் மூழ்கியது."

அக்காவின் விரல்கள் குதித்தன. வயது எழுபதைத் தொட்டிருந்தாலும் வேகம் மட்டும் குறையவில்லை. தாளை உருவி நீட்டினார். அதிகாரி படித்தார், உதட்டைக் கடித்தார், செய்தித்தாள் படத்தைப் பக்கத்தில் வைத்து மறுபடி படித்தார்.

"அம்மா, இந்த 'மீள'ங்கிற வார்த்தைக்கு எந்த எழுத்துப் போட்டீங்க?"

"மழைக்கு வர்ற ழ தான் சார். இதுகூடத் தெரியாமலா முப்பத்தொரு வருஷம் வேலை பாத்தேன்?"

கூட்டத்திலிருந்து கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம். வாத்தியார் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அரசு வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகினார். பாவம் அதிகாரி, இவ்வளவு படித்தும் எழுத்துத் தெரியாமல் கேட்டுவிட்டார், அதற்குப் போய் எல்லோரும் இப்படிச் சிரிக்கலாமா என்று அக்காவுக்கு அவர்மேல் இரக்கமே வந்துவிட்டது.

ஒரு மணி நேரத்தில் உத்தரவை அடித்துக் கையில் கொடுத்தார்கள். பக்கம் உண்மையானது, கொடுத்த வாக்குச் செல்லும். தாழ்வாரத்தில் தையல்காரர் அதைப் பிரித்தார். படிக்காமலே அக்காவிடம் நீட்டினார்.

"நீங்களே படிங்கக்கா."

அக்கா சத்தமாகப் படித்தார். "ஏரிக்கரை நிலத்தை உரிய குடும்பங்களிடம் மீள..." படிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அய்யய்யோ தம்பி! இதுல எழுத்துத் தப்பா இருக்கே! இதையும் போலின்னு சொல்லிடப் போறாங்க, வாங்க, ஓடிப்போய் மாத்தி வாங்கிடலாம்!"