புல்தரையில் ஒரு பாராட்டு விழா

என்னைப் பாராட்டியவர்கள்மேல் இருக்கும் கோபம், என்னைத் தோற்கடித்தவர்கள்மேல் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

நான் ஆடுவது லான் பவுல்ஸ். சொன்னால் பாதிப் பேர் கிரிக்கெட்டில் பந்து போடுகிறேன் என்று நினைப்பார்கள். மீதிப் பேர், மாலில் பாட்டில் மாதிரி நிற்பவற்றைப் பந்து உருட்டித் தள்ளுகிறேன் என்பார்கள். இரண்டும் இல்லை. புல்தரையின் ஒரு கோடியில் ஜாக் என்ற சின்ன வெள்ளைப் பந்து கிடக்கும். மறுகோடியிலிருந்து கனமான பந்தை உருட்டி அதன் பக்கத்தில் நிறுத்த வேண்டும். அந்தப் பந்து நேராக ஓடாது, ஒரு பக்கமாக வளைந்துதான் போகும். தரையில் விரல் கனத்துக்கு மேடு இருந்தால்கூடக் கணக்கு போச்சு.

கூடுவாஞ்சேரியில் எங்கள் லேஅவுட்டில் பூங்காவுக்கென்று விட்ட இடம் வேலிகாத்தான் மண்டிக் கிடந்தது. குடியிருப்போர் சங்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு நானும் என் கணவரும்தான் வெட்டினோம். மண் கொட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, அருகம்புல் நட்டு, உருளை இழுத்து, நாலு வருஷம் பாடுபட்டோம். அருகம்புல் என்பதால் சதுர்த்திக்குச் சதுர்த்தி பிள்ளையாருக்குப் பிடுங்க வந்துவிடுவார்கள். அவர்களோடு மல்லுக்கு நின்றே ராங்கிக்காரி என்று பெயர் வாங்கினேன். அந்தத் துண்டுத் தரையில் பழகித்தான் மூன்று நாடுகளில் ஆடினேன், கடைசியில் தங்கமும் வாங்கினேன்.

தங்கத்தோடு ஊர் திரும்பியபோது இந்திய அணிக்கான அடுத்த தேர்வுக்கு இருபது நாள்தான் பாக்கி. பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு முதலில் புல்லைப் பார்க்கத்தான் போனேன். நட்டநடுவில் கடப்பாரையால் குழி தோண்டி, சவுக்குக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். பந்தல் சாமான் ஏற்றிவந்த வண்டி புல்மேலேயே நின்றது.

“யாருங்க இங்க தோண்டச் சொன்னது?”

“செகரட்டரி சாருதாங்க்கா. யாரோ ஒரு அம்மா கப்பு வாங்கினு வந்துகீதாம். விழா எடுக்கறாங்க,” என்றார் பந்தல்காரர்.

“அந்த அம்மா நான்தான்.”

“அப்டியாக்கா, ரொம்ப சந்தோசம்,” என்று கும்பிட்டுவிட்டு, பதின்மூன்றாவது குழியைத் தோண்டினார்.

எங்கள் சங்கச் செயலாளரிடம் ஓடினேன். தேர்வைச் சொன்னேன், இருபது நாளைச் சொன்னேன்.

“ரோட்ல பந்தல் போட்டா கார் போகாது மேடம். புல்லுதானே, ஒரு மழை பெஞ்சா வந்துடும். உங்களுக்காகத்தானே இவ்ளோ செய்யறோம்?”

உங்களுக்காகத்தான் என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் அதற்குமேல் யாரும் வாயைத் திறக்க முடியாது.

சாயங்காலம் விழா. பேனரில் என் படத்துக்குப் பக்கத்தில் அந்த மால் பாட்டில்கள் வரிசையாக நின்றன. பதினோரு பொன்னாடை போர்த்தினார்கள். நாற்காலிக் கால்கள் புல்லில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மைக்கைக் கொடுத்தார்கள். நன்றி சொன்னேன். போட்டோவுக்குச் சிரித்தேன். செயலாளரைக்கூட ஒருநாள் மன்னிப்பேனோ என்னவோ, அந்தச் சிரிப்பை மன்னிக்க மாட்டேன்.

குழிகளை மண் போட்டு இடித்தோம். காய்ந்ததும் மண் அமுங்கியது. உருட்டிய பந்தெல்லாம் அங்கங்கே தடுக்கி, போகாத பக்கம் போனது. தேர்வில் ஒரே புள்ளியில் அணியில் இடம் போயிற்று. குழிதான் காரணமா என்றால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் என் வயதுக்கு அடுத்த தேர்வு என்று ஒன்று வருமா என்பது சந்தேகம். அதனால் அந்தப் பதின்மூன்று குழிகளை நான் மறப்பதாக இல்லை.

போன மாதம் செயலாளர் வீட்டுக்கே வந்தார். கையில் அழைப்பிதழ். பூங்காவின் நடுவில் விழாக்களுக்கென்று சிமெண்ட் மேடை கட்டப்போகிறார்களாம், என் பெயரில். பூமி பூஜைக்கு நான்தான் முதல் செங்கல் எடுத்து வைக்க வேண்டுமாம்.

“நீங்க அன்னிக்கு வருத்தப்பட்டீங்களே, அதை கமிட்டியில சொன்னேன் மேடம். இனிமே உங்க புல்லுல ஒரு குழிகூடத் தோண்ட வேண்டியதில்ல.”

அழைப்பிதழைப் பிரித்தேன். பொன்னாடையோடு என் படம், அதே சிரிப்பு. அவர் எதிரிலேயே அந்த முகத்தை இரண்டாகக் கிழித்தேன்.