விசில் அடிக்காத கச்சேரி

மாதா கோயில் திருவிழாவில் பாடி முடித்த பிறகும் முசியே மைக்கை விட்டு நகரவில்லை. கிட்டாரைத் தோளிலிருந்து இறக்கினார்.

"இன்னும் ஒரு கச்சேரி இருக்கு. வைத்திக்குப்பத்துல. அதோட மேடை போதும் எனக்கு" என்றார்.

நாங்கள் சிரித்தோம். கடைசியில் எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது.

அவருக்குப் பெயர் வேறு. ஊரில் எல்லோருக்கும் முசியேதான், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இவர் சின்ன வயசில் பிரெஞ்சு நாட்டுக்குப் போய், தோள் வரைக்கும் முடி வளர்த்து, கரன்ட் கிட்டாரோடு திரும்பி வந்தார். சினிமாப் பாட்டு பாட மாட்டார். எல்லாம் சொந்தப் பாட்டு. தமிழ்தான், ஆனால் டிரம்ஸ் அடி நெஞ்சில் விழும். நான் முதல் தடவை கேட்டபோது மில்லில் தறி ஓட்டுகிற வேலையில் இருந்தேன். தறிச் சத்தத்தில் கிடந்த காதுக்கு வேறு எந்தப் பாட்டும் ஏறவில்லை. இது ஏறியது. அன்றிலிருந்து அவர் எங்கே பாடினாலும் போவேன். வேறு கெட்ட பழக்கம் இல்லை.

அவர் சொன்ன மறுநாளே ஊர் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் ரசிகர் மன்றத் தலைவர் லாஸ்பேட்டைக்காரர், கவர்மென்ட் கிளார்க். சிக்னலில் ஒரு பெரிய டிஜிட்டல் பேனர் கட்டினார். முசியே படத்துக்குப் பக்கத்தில் ஒரு சிங்கம். கீழே, 'மேடையை விட்டு இறங்காதே தலைவா'. டீக்கடையில் இரண்டு பேர் இதைப் பேசியே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டோ ஓட்டுகிற ஒருத்தர் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"எதுக்குய்யா?" என்று கேட்டேன்.

"முசியே மனசு மாறணும்னு வேண்டுதல்."

"மாறின பிறகுதானே மொட்டை போடணும்?"

"அட்வான்ஸ்" என்றார்.

வைத்திக்குப்பத்தில் எனக்கு ஒரு சிநேகிதன் உண்டு. கடலுக்குப் போகிறவன். நானும் அவனும் மாமே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவன் பேனரும் கட்டவில்லை, மொட்டையும் போடவில்லை. "விடமாட்டோம்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னான்.

இந்த இடத்தில் கூவலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முசியே கச்சேரியில் கடைசிப் பாட்டு எப்போதும் ஒன்றுதான். கடலுக்குப் போனவனைக் கரையில் நின்று கூப்பிடுகிற பாட்டு. முடிகிற இடத்தில் வார்த்தை கிடையாது. வெறும் கூவல். கீழே ஆரம்பித்து, ஏறி, மேலே போய் நிற்கும். டிரம்ஸ் நின்றுவிடும். கிட்டார் நின்றுவிடும். அவர் குரல் மட்டும் அங்கே நிற்கும். அதற்காகத்தான் கூட்டம் கடைசி வரைக்கும் கலையாமல் இருக்கும்.

சுனாமி வந்து போன மறு வருஷம் குப்பத்தில் பாடினார். அந்தப் பாட்டு வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். வேண்டும் என்று சொன்னவர்கள் அதிகம். பாடினார். கூவல் பாதி ஏறினபோது குரல் உடைந்தது. அழுகிறார் என்று நினைத்தோம். அந்த இடத்தைச் சும்மா விடக்கூடாது என்று தோன்றியது. இரண்டு விரலை நாக்குக்கடியில் மடித்து விசில் அடித்தேன். என் விசில் கொஞ்சம் தூரம் கேட்கும். பக்கத்தில் இருந்த சிநேகிதன் கூவினான். அப்புறம் குப்பமே கூவியது. அவர் நிறுத்தின இடத்திலிருந்து நாங்கள் மேலே கொண்டு போனோம்.

அடுத்த கச்சேரியிலும் உடைந்தது. அன்றைக்கு அவர் அழவில்லை. வயசு. எங்களுக்குப் புரிந்தது. யாரும் யாரிடமும் பேசிக்கொள்ளவில்லை. கூவல் வரும். நான் விசில் அடிப்பேன். கூட்டம் எடுத்துக்கொள்ளும். அவர் வாயைத் திறந்தபடி நிற்பார். தூரத்தில் இருப்பவனுக்கு அவர்தான் பாடுகிறார் என்று இருக்கும். வெளியூர்க்காரன், "இன்னா ரசிகனுங்கய்யா" என்பான். எங்களுக்குப் பெருமையாக இருக்கும். சில வருஷம் அப்படியே ஓடியது.

அதனால் மனசை மாற்றிவிடலாம் என்று நம்பித்தான் அவர் வீட்டுக்குப் போனோம். கிளார்க், சிநேகிதன், நான். ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேர். மாதா கோயிலுக்குப் பின்னால் மாடி வீடு. பனியனும் லுங்கியுமாக அவரே வந்து கதவைத் திறந்தார். மேடையில் பார்த்ததைவிட ஆள் சின்னதாக இருந்தார்.

கிளார்க் நின்றபடியே ஆரம்பித்தார். "ஐயா, லட்சோப லட்சம் ரசிகர்கள் சார்பாக..."

"எத்தினி லட்சம்?" என்றார் முசியே.

"சரி, ஆயிரக்கணக்கான..."

"நாற்காலி போட்டவன்கிட்ட விசாரிச்சியா? உக்காருப்பா. காப்பி குடிச்சிட்டு திட்டுங்க."

காப்பி வந்தது. சிநேகிதன் டம்ளரைத் தொடவில்லை. "உடம்புக்கு இன்னா முசியே?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. தொண்டைக்கு வயசாயிடுச்சு."

"அதுக்குத்தான் நாங்க இருக்கோமே" என்றான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

முசியே என் பக்கம் திரும்பினார். "விசில் நீதானே?"

"ஆமா."

"மேடையில நிக்கிறவனுக்குக் காது கேக்காதுன்னு நெனச்சீங்களா?"

கிளார்க் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"கோவம் இல்லப்பா. மொதல் தடவை என்னைத் தூக்கி நிறுத்தினீங்க. அது சரி. அப்புறம் ஒவ்வொரு தடவையும் தூக்குறீங்க. இப்ப நான் நடப்பேனா விழுவேனா, எனக்கே தெரியல. கடைசி தடவை அந்தக் கூவலை நான் பாடணும். உடைஞ்சா உடையட்டும். கூடப் பாடக்கூடாது. விசில் கூடாது. கை தட்டக்கூடாது. முடியுமா?"

கிளார்க்குக்கு முகம் தொங்கிவிட்டது. "கச்சேரியில வாயை மூடிட்டு நிக்கிறதா? இது ரசிகர் மன்றம்ங்க. லைப்ரரி இல்ல."

"வாயை மூடினா அது எழவு வீடு முசியே" என்றான் சிநேகிதன்.

"முடியுமான்னு கேட்டேன்" என்றார் அவர். என்னைத்தான் பார்த்தார்.

"முடியும்" என்றேன்.

தெருவுக்கு வந்ததும் சிநேகிதன் என் சட்டையைப் பிடிக்காத குறை. "உன் வாயை நீ மூடிக்குவே மாமே. குப்பத்து வாயை எவன் மூடுவான்?"

"நான் மூடறேன்."

"நாலு ஊர்லேருந்து ஆளு வருவான். உடைஞ்சா சிரிப்பானுங்க. இத்தினி வருஷம் தூக்கிட்டு, கடைசி நாள்ல கீழ போடறதா?"

"போடச் சொல்லல. இறக்கி விடச் சொல்றாரு."

"என்னால ஆவாது. நான் கூவுவேன். உன்னால ஆனதைப் பார்த்துக்கோ."

கிளார்க்கோடு வண்டியில் ஏறிப் போய்விட்டான். நான் நடந்து வீடு வந்தேன்.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "நீங்களா? நம்ம கல்யாணத்துல தாலி கையில வச்சிக்கிட்டே விசில் அடிச்ச ஆளாச்சே நீங்க."

"சொல்லிட்டேன்."

"எப்படி முடியும்?"

"பாக்கலாம்."

கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்தாள். "பொம்பளைங்க பக்கம் நான் பாத்துக்கறேன். உங்க பக்கம்தான் கஷ்டம்."

எனக்கு மில் ஞாபகம் வந்தது. தறிக் கூடத்தில் வாயால் பேச முடியாது. எல்லாம் கைதான். தண்ணி வேணும், நூல் அறுந்துபோச்சு, மேஸ்திரி வர்றான், எல்லாவற்றுக்கும் ஒரு கை உண்டு. தறியை நிறுத்து என்றால், கையைத் தலைக்கு மேலே விரித்துத் தூக்கி, மெதுவாக மூடி, அப்படியே வைத்திருக்க வேண்டும். பார்த்தவன் அடுத்தவனுக்குக் காட்டுவான். கடைசித் தறி வரைக்கும் போகும். கூடம் அடங்கிவிடும்.

மில் மூடின பிறகு ஆளுக்கொரு பக்கம் போயிருந்தோம். நான் ஊரை ஒட்டின மேட்டுப்பாளையத்தில் ஒரு டப்பா கம்பெனியில் பேக்கிங். ஷிப்ட் விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய ஆட்களைத் தேடிப் போனேன். ஒருத்தர் வாட்ச்மேன், ஒருத்தர் இளநீர் வெட்டுகிறார். மொட்டை போட்ட ஆட்டோக்காரரும் மில் ஆள்தான். "கூவல் வர்றப்போ தறி நிறுத்துற கை" என்றேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மில்லில் அந்தக் கையைப் பார்த்தால் முதலில் நிறுத்துவோம். அப்புறம்தான் கேட்போம்.

குப்பத்தில் அப்படி நடக்கவில்லை. காலையில் மீன் விற்கிற இடத்துக்குப் போனேன். அங்கே ஒரு அக்கா சொன்னால் பாதிக் குப்பம் கேட்கும். விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க ஊரு மேடை. எங்க வாயை மூட நீ யாருய்யா?"

"நான் இல்லக்கா. முசியே கேட்டாரு."

"அவரு வந்து கேக்கட்டும். நீ மீன் வாங்க வந்தியா, பேச வந்தியா?"

மத்தி வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாளும் போனேன். மத்திதான். அதற்கு அடுத்த நாளும் போனேன். வீட்டுக்காரி, "கச்சேரி முடியறதுக்குள்ள நமக்கு செதில் முளைச்சிடும்" என்றாள். அந்த அக்காவுக்கே அலுத்துப்போனது போல. "சரி, போ. எங்க ஆளுங்க வாய்க்கு நான் பொறுப்பு. உன் சிநேகிதன் வாய் உன் பாடு" என்றாள். அவன் கொஞ்ச தூரத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

கச்சேரி அன்றைக்கு வெயில் இறங்கும்போதே கூட்டம் சேர்ந்துவிட்டது. படகுகளை ஒதுக்கி மணலில் மேடை போட்டிருந்தார்கள். படகு மேலேயும் ஆள். மற்ற பாட்டுக்கெல்லாம் தடை இல்லை. உதடு எரிகிற வரைக்கும் விசில் அடித்தேன். முசியேவும் நன்றாகத்தான் பாடினார். தெரியாதவன், இவர் எதற்கு விடுகிறார் என்று கேட்டிருப்பான்.

கடைசிப் பாட்டு ஆரம்பித்தது. நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் சிநேகிதன் பக்கத்தில் நின்றேன்.

"போயிடு மாமே" என்றான்.

"இங்கியே நிக்கிறேன்."

"வாயைப் பொத்துவியா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு வந்தே?"

"சும்மா."

டிரம்ஸ் நின்றது. கையைத் தூக்கி, விரித்து, மூடினேன். இடது பக்கம் வாட்ச்மேன் தூக்கினார். மேடைக்குக் கிட்டே மொட்டைத் தலை. அப்புறம் படகுப் பக்கம். பெண்கள் பக்கம் வீட்டுக்காரி கை தெரிந்தது. தெரியாதவர்களும் பார்த்துப் பார்த்து அடங்கினார்கள். கடல் சத்தம் கேட்டது. அவர் கச்சேரியில் நான் கடலைக் கேட்டது அன்றைக்குத்தான்.

முசியே ஆரம்பித்தார். கீழே குரல் கனமாக இருந்தது. ஏறினார். எப்போதும் உடைகிற இடம் வந்தது. உடைந்தது.

பின்னால் யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். சிநேகிதன் கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சை இழுத்தான். வாயைத் திறந்தான். நான் தொடவில்லை. மூடின கையை அவன் கண்ணுக்கு நேராக வைத்திருந்தேன், அவ்வளவுதான். அவன் கையைப் பார்த்தான், மேடையைப் பார்த்தான். வாய் திறந்தபடியே இருந்தது. சத்தம் வரவில்லை.

முசியே ஒரு தடவை எங்களைப் பார்த்தார். திரும்பவும் கீழேயிருந்து ஆரம்பித்தார். திரும்பவும் அதே இடம். திரும்பவும் உடைந்தது. இந்தத் தடவை அவர் நிறுத்தவில்லை. உடைந்த குரலோடு ஏறினார். பாதி காற்று, பாதி குரல். பழைய உயரத்துக்குப் போகவில்லை. கொஞ்சம் கீழேயே நின்றது. மூச்சு இருக்கிற வரைக்கும் நின்றது. அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். எங்கள் சத்தம் கலக்காமல் இருந்தது. அந்தக் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

முடிந்தது. அவர் மைக் கிட்டே குனிந்தார்.

"கேட்டுச்சா?" என்றார்.

யாரும் பேசவில்லை.

கிளார்க் முன்வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். வாட்ச்மேன் பார்த்தார். மொட்டைத் தலையும் திரும்பியது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. தறியை நிறுத்தச் சொல்லத்தான் எங்களிடம் கை இருந்தது. ஓட்டச் சொல்லக் கை கிடையாது. மில்லில் அதற்குச் சங்கு ஊதும். எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அத்தனை கூட்டமும் அப்படியே நின்றது.

"கேட்டுச்சாப்பா?" என்றார் திரும்பவும். முகத்தில் பயம் தெரிந்தது. நான் மூடின கையை இன்னும் இறக்கவில்லை.

பக்கத்திலிருந்து சிநேகிதன் கத்தினான். கடலில் அடுத்த படகைக் கூப்பிடுகிற மாதிரி கத்தினான்.

"கேட்டுச்சு முசியே! முழுசா கேட்டுச்சு!"

அப்புறம் எல்லோரும் கத்தினார்கள். அக்கா கத்தினாள். படகு மேலே இருந்தவர்கள் கத்தினார்கள். சிரித்தவர்களும் கத்தியிருப்பார்கள். முசியே தலையை ஆட்டினார். கிட்டாரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். யார் கையையும் பிடிக்காமல் படியில் இறங்கினார்.

"கையை இறக்கு மாமே" என்றான் சிநேகிதன்.

இறக்கினேன்.